உன் அப்பா கெரியர் அடித்த கதை

மனே, சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுக் காலையில்தான் என் கையால் பிட்டும் மீன்குழம்பும் தின்றுவிட்டு வேலைக்குப் போனாய். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. வருகிற புதன்கிழமை உனக்குக் கலியாணம். அன்றோடு நீ செங்கலடிக்கு, தர்ஷினியின் வீட்டுக்குப் போய்விடுவாய். நம் பக்கத்து வழக்கம் அதுதான்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. உன் அப்பாவும் அப்படித்தான் பனிச்சங்கேணியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பழுகாமத்துக்கு வந்தார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பெண்பிள்ளை இல்லாதவள், வீடு வெறிச்சோடத்தான் செய்யும். ஆனால் போன கிழமை நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அவர்கள் வீட்டு அறையில் காற்றாடி இல்லை, ராவில் வேர்த்துக் கொட்டுமே என்றாய். மாமியிடம் கேளேன் என்றேன். "சீ, அதெல்லாம் கேக்கிறதாம்மா, நான் சமாளிப்பன்" என்றாய். அச்சொட்டாக உன் அப்பா. அந்த 'சமாளிப்பன்' இந்த வீட்டில் என்ன செய்யப் பார்த்தது என்று உனக்குத் தெரியாது. நேரே சொன்னால் சிரிப்பாய், இல்லாவிட்டால் போன் அடிக்கும், எழும்பிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதும் வாசி.

நீ பிறக்க முந்தின காலம் சண்டைக் காலம். வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில் நாங்கள். அந்தப் பக்கம் எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரமும் பெரியாஸ்பத்திரியும். நடுவில் துறை. துறையில் ஆமியின் சென்றி, போகிற வருகிற எல்லோரையும் மறித்துச் சோதிக்கிற காவல். அதைத் தாண்டினால் வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்க வைக்கிற பெரிய மிதவை. அதை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்வோம். உன் அப்பாவிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. வயல் வட்டைகளில் இருந்து நெல் மூட்டைகளை ஏற்றி, அந்த மூட்டைகளின் மேலேயே சனத்தையும் ஏற்றி, துறைக்கும் நகரத்துக்கும் ஓடுவார். கண்ணாடியில் ஒரு கீறல், கதவை ஒருவர் உள்ளே இருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் ஊரில் ஓடிய வாகனம் அதுதான். ஆட்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். வெளியே அப்படி மதிப்பாக இருந்த மனிசன், வீட்டுக்குள் வந்தால் விருந்தாளி மாதிரி இருப்பார். இந்த வீடு எங்கப்பா எனக்குக் கட்டித் தந்தது. சுவரில் ஒரு ஆணி அடித்துச் சட்டையைக் கொளுவலாம் என்று அவருக்குத் தோன்றாது. சட்டையை வானின் கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வருவார். கறியில் உப்பில்லாவிட்டாலும் வாய் திறக்க மாட்டார். நான் பிறகு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கத்துவேன். நல்லாத்தான் இருந்தது என்பார். இந்த மனிசனோடு சண்டை பிடிக்கக்கூட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

உனக்கு முந்தி ஒரு அக்கா இருந்தாள். இதை உன்னிடம் ஒரு தரம், அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். வயிற்றுவலி நாளுக்கு முந்தியே வந்துவிட்டது. வானுக்குள் கூரை முட்ட நெல் மூட்டை. இறக்கி வைக்க நேரமில்லை. மூட்டைகளுக்கு மேலே, முதுகை வளைத்துச் சுருண்டு கிடந்தபடி நான் துறைக்குப் போனேன். நிமிரவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. துறையில் எல்லா மூட்டையையும் இறக்கிச் சோதித்து முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவள் பாதையில் வைத்தே பிறந்தாள், அழவில்லை. நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எந்த டொக்டரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார், மூட்டைதான் அவளைக் கொன்றது என்று. அதை அவர் வாயால் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மூட்டை ஏற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு விளங்கும்.

நீ வயிற்றில் தங்கிய பிறகு அவருக்கு ஒரே நினைப்பு. வானின் உட்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். பாய் விரித்து ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். மூட்டையை விடவும் முடியாது, அதுதான் எங்கள் சோறு. அப்படியானால் மூட்டை கூரைக்கு மேலே போக வேண்டும். மேலே ஏற்ற ஒரு தட்டு வேண்டும், கெரியர். நகரத்தில் இரும்பால் செய்து பூட்டுவார்கள். அந்த நாளில் இரும்புக் கம்பியைத் துறை தாண்டிக் கொண்டுவந்தால் அது எதற்கு என்று ஆயிரம் கேள்வி. பலகையும் அப்படித்தான்; மர ஆலையும் பூட்டிக் கிடந்தது, காட்டுக்குள் மரம் தறிக்கப் போனவன் திரும்பி வருவான் என்று எந்த உறுதியும் இல்லை. ஆகவே உன் அப்பா ஊர் முழுக்கப் பொறுக்கினார். வாவிக்கரையில் உடைந்து கிடந்த தோணிப் பலகை, யாரோ எறிந்த தென்னங்கைமரம், கோழிக்கூட்டுச் சட்டம். எங்கே போகிறீர்கள் என்றால், "சும்மா ஒரு அலுவல்" என்பார். வேலியோரம் மறைத்து மறைத்து எதையோ அடித்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவராகச் சொல்லட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

அந்த முதல் கெரியரை நீ பார்த்திருக்க வேண்டும். தோணிப் பலகை பார்க்கத்தான் திடம். வருஷக்கணக்காக உப்புத்தண்ணீர் குடித்த பலகை, ஆணியைப் பிடிக்கவில்லை. கால்களை வேறு நேரே கூரைத் தகரத்தில் ஊன்றியிருந்தார். முதல் நாளே மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், ஊர் முடிகிற மதகடியில் ஒரு குழியில் இறக்கி ஏற்றியதும் மேலே எல்லாம் சரிந்து முன்கண்ணாடிக்கு மேலால் வந்துவிட்டது. ஒரு மூட்டை வெடித்து, நெல் மழை மாதிரிக் கொட்டியது. ஊர்க் கோழியெல்லாம் வானுக்குப் பின்னால் ஓடின. வானில் இருந்த சனம் இறங்கி, சீலைத்தலைப்பில் நெல்லை அள்ளிக் கொடுத்துவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நடந்தே துறைக்குப் போனது. கூரையில் சட்டியளவுக்கு ஒரு பள்ளம். வீட்டுக்கு வந்து வானை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். சோறு போட்டு வைத்தேன், வரவில்லை. போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது. அந்த மனிசனின் கண்ணீரை நான் பார்த்தது அதற்கு முந்தி ஒரே ஒரு தரம்தான், பாதையில்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நம் வீட்டு வாசற்கதவைக் காட்டினேன். எங்கப்பா முதிரை மரத்தில் இரட்டைக் கதவாகச் செய்து போட்டது, ஒரு கதவைத் திறக்கவே சின்னப்பிள்ளைக்குப் பலம் போதாது. "இவ்வளவு நல்ல முதிரை வாசல்ல நிக்கிது. ஊரெல்லாம் குப்பை பொறுக்கிறீங்க. ஏன் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"அது உன்ட அப்பா உனக்குச் செஞ்சு தந்தது புள்ள. நான் எப்பிடி வாய் தொறந்து கேக்கிற?"

"வயித்துக்குள்ள இரிக்கிற பிள்ளை ஆர்ட?"

நான் அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வளவு மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்து, அந்தப் பெரிய வயிற்றோடு, கதவின் பிணைச்சலுக்குள் செருகி ஒரு நெம்பு நெம்பினேன். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். விடு, நான் கழட்டுகிறேன் என்றார். மனே, கலியாணம் முடித்த பிறகு அவர் இந்த வீட்டில் ஒரு சாமானைத் தன் கையால் தொட்டுக் கழற்றியது அன்றைக்குத்தான். அவர் முகத்தில் ஒரு பயமும் ஒரு சந்தோசமும் சேர்ந்து இருந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனாலும் முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அதன் பிறகு நடந்த வேலையை நான் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா? இரண்டு கதவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், வானின் கூரைக்கு அளந்து வெட்டியது போல் இருந்தது. கட்டிலின் பக்கச் சட்டங்களைக் கழற்றிக் குறுக்குச் சட்டங்களாக அடியில் போடச் சொன்னேன். பாயில் படுத்தால் முதுகு என்ன தேய்ந்தா போகும்? இந்த முறை கால்களைத் தகரத்தில் ஊன்றவில்லை. மழைத்தண்ணீர் வழிவதற்குக் கூரையின் இரண்டு ஓரத்திலும் பீலி இருக்கிறதே, அந்த மடிப்புத்தான் வானில் பலமான இடம். பழைய பீப்பாயின் இரும்புப் பட்டியை வளைத்து, பீலியைக் கொளுவிப் பிடிக்கிற மாதிரிக் கால் செய்தார். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க சைக்கிள் டயரை வெட்டி நடுவில் வைத்தார். கதவில் துளை போட்டு, உடைந்த உழவு மெசினில் கழற்றிய போல்ட்டுகளைச் செலுத்தி முறுக்கினார். ஒவ்வொரு துளை போடும்போதும் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். போடுங்க, போடுங்க என்பேன். இரண்டு கதவையும் நடுவில் சேர்த்துப் பிடிக்க என்ன செய்வது என்று யோசித்தவர், கடைசியில் சிரித்துவிட்டு, கதவின் தாழ்ப்பாளையே இழுத்துப் போட்டார். கதவு வளையங்கள் கயிறு கட்டத் தோதாகப் போயின. வெறும் வானை மதகடிக்கு ஓட்டிப் போய்க் குழியில் இறக்கி ஏற்றினார், பிறகு மூட்டையோடு. ஒரு சத்தம் இல்லை.

பக்கத்து வளவில் இருந்த என் அம்மாதான் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டா. வாசற்கதவைக் கழற்றிய வீட்டுக்குள் மூதேவி வருவாளாம். "வந்தா வரட்டும்மா. அவளும் சென்றியில இறங்கி, மூட்டைய அவிட்டுக் காட்டி, வரிசையில நிண்டுதான் வரணும்" என்றேன். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசலுக்குச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டோம். ஆட்கள் வந்தால் சாக்கைத் தட்ட முடியாது, இருமிக் காட்டுவார்கள். கதவில்லாத வீட்டில் களவும் போகவில்லை, போவதற்கு உள்ளே என்ன இருந்தது?

உன்னோடும் வலி நாளுக்கு முந்தித்தான் வந்தது. காலை நேரம். வான் அன்றைய ஓட்டத்துக்குத் தயாராக, மூட்டையெல்லாம் மேலே கட்டி நின்றது. உள்ளே வெறும் தரை. பாயை விரித்தார்கள், நான் காலை நீட்டிப் படுத்தேன். பக்கத்தில் அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டா. உனக்கு எப்படிச் சொல்வது, அந்த வலிக்குள்ளும் காலை நீட்டிப் படுத்திருக்கிற சுகம் எனக்குத் தெரிந்தது. அந்த முதல் பிள்ளையையும் நினைத்தேன். உன் அப்பா ஒவ்வொரு குழிக்கும் வானைத் தூக்கி இறக்குவது போல ஓட்டினார்.

துறையில் மறித்தார்கள். நோயாளி என்று சொன்னாலும் சோதனை சோதனைதான். மூட்டைகளை இறக்கினார்கள், குத்திப் பார்த்தார்கள், விட்டார்கள். பிறகு ஒரு ஆமிக்காரன் கெரியரைப் பார்த்தான். கூரையின் மேல் மொத்தமான மரம், இடுக்கில்லை, இடைவெளி இல்லை. அதற்கும் கூரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கீழே இருந்து தெரியாது. அதோடு அந்த நாளில் சனம் விட்டுப்போன வீடுகளில் கதவும் சன்னலும் களவு போய்க்கொண்டிருந்தது. இது யாருடைய வீட்டுக் கதவு, ஏன் கூரையில், அடியில் என்ன ஒளித்திருக்கிறாய், கழற்று என்றான். கழற்றுவதானால் எத்தனை போல்ட்! உள்ளே பெண்சாதி துடிக்கிறாள், கொஞ்சம் விடுங்கள் என்று உன் அப்பா கேட்க வேண்டாமா? போல்ட் முறுக்குகிற சாவியை எடுத்து, முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே கிடந்த எனக்கு அந்தச் சாவியின் சத்தம் கேட்டது. இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். இதுவும் போய்விடும் என்றுதான் நினைத்தேன், மனே. உன்னைத்தான் சொல்கிறேன்.

பொறுமை இல்லாமல் அந்த ஆமிக்காரனே மேலே ஏறிவிட்டான். சப்பாத்துக் காலால் தம் தம் என்று நடந்தான். நடந்துவிட்டுக் குனிந்து, மரத்துக்குள் கூடு இருக்கிறதா என்று பார்க்க, விரலை மடக்கித் தட்டினான். டொக், டொக், டொக். என் தலைக்கு நேர் மேலே. நான் கண்ணை மூடிக்கொண்டு பாதி நினைவும் இல்லாமல் கிடந்தேன். என் வீட்டு வாசற்கதவை யாரோ தட்டுகிற சத்தம் அது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். சாக்குத் தொங்கவிட்ட பிறகு கேட்காத சத்தம். என் வாய் என்னைக் கேட்காமல் தானாகச் சொல்லிற்று:

"ஆரது? தொறந்துதான் கிடக்கு, உள்ளுக்கு வாங்க."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினா. சென்றியில் ஒரு சொல் பிசகினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே பாதைக்குக் காத்திருந்த சனத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று மேலே நின்றவன் கேட்டான். உன் அப்பா, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது அவளுடைய வீட்டு வாசற்கதவு, யாரோ விருந்தாளி வந்து தட்டுவதாக நினைத்து உள்ளே வரச் சொல்கிறாள் என்றார். அந்தப் பொடியன் தன் சப்பாத்துக்குக் கீழே பார்த்தான். தாழ்ப்பாளையும் பார்த்தான், வளையத்தையும் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. தம் தம் என்று ஏறினவன், வளையத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். "யன்ன, யன்ன", போ போ என்று கையை வீசி, வரிசையில் முன்னால் நின்ற வாகனங்களை அவனே ஒதுக்கிவிட்டான். உன் அப்பா இறக்கிய மூட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கழற்றிய போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வானைப் பாதையில் ஏற்றினார்.

அவர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற நாட்களில் என்ன நடந்தது என்று நீ வளர்ந்த ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். அன்றைக்கு அது அப்படி நடந்தது, அவ்வளவுதான். அந்தக் கெரியர் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடியது. எத்தனையோ பெண்கள் அந்த வானுக்குள் காலை நீட்டிப் படுத்துத் துறைக்குப் போனார்கள், மேலே மூட்டையும் தயிர்ச்சட்டியும் போயின. வான் ஓய்ந்த பிறகுதான் கதவு வாசலுக்குத் திரும்பி வந்தது. நீ சின்ன வயதில் அதில் உள்ள ஓட்டைகளுக்குள் விரலை விட்டு, வண்டு துளைத்ததா என்று கேட்பாய். அப்பா ஓம் என்பார். அவருக்குச் சொல்ல வெட்கம்.

நான் உனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். அவர் முதல் நாளே என்னிடம் கதவைக் கேட்டிருந்தால் அந்தத் தோணிப் பலகையும் வேண்டாம், அந்தப் பள்ளமும் வேண்டாம். மதகடிக் குழியில் அன்றைக்கு அந்தச் சனத்துக்குப் பதிலாக நான் வலியோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை வாங்க நீ இல்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று அவர் நினைத்தார். எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? என்னை அந்நியமாக்கியது போல் இருந்தது. தர்ஷினி வீட்டில் வேர்த்தால் காற்றாடி கேள். உப்பில்லாவிட்டால் உப்பில்லை என்று சொல், அந்தப் பிள்ளை உன்னைக் கடித்துத் தின்ன மாட்டாள். அவளும் உன்னிடம் கேட்பாள். முகத்தைச் சுளிக்காமல் கொடு. சண்டை வந்தால் சண்டை பிடி. சமாளிக்காதே.

அன்றைக்குப் பெரியாஸ்பத்திரியில், நீ ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்திக்கொண்டு பிறந்தாய். என் காதுக்கு அப்படி ஒரு சத்தம் அதற்கு முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. பின்னேரம் உன் அப்பாவை உள்ளே விட்டார்கள். கையில் கிறீஸ் அழுக்கு, கழுவியும் போகவில்லை. கட்டிலடியில் வந்து நின்றார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னிடம் எதுவும் கேட்காத அந்த மனிசன் அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டார்.

"புள்ள, இவன நான் ஒருக்காத் தூக்கட்டா?"

எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. உங்கட பிள்ளையத் தூக்க என்னட்டக் கேக்கிறீங்களா என்று நான் போட்ட சத்தத்தில் வார்ட்டே திரும்பிப் பார்த்தது. அவர் உன்னை வாங்கினார். நேரம் போனது. நீ பாலுக்கு அழத் தொடங்கினாய், தாங்க என்று நான் கையை நீட்டினேன். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, அவர் உன்னை வைத்துக்கொண்டே நின்றார்.

உன் அம்மா